பிரதட்சணம் அண்ணாச்சியின் குட்டி லாரி

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலை அதிகத் தடவை சுற்றிவந்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பிரதட்சணம் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஒருவர்கூட வரமுடியாது. தேர் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றும். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை நீங்கலாகத் தினமும் சுற்றினார். இத்தனைக்கும் அவர் கோயிலுக்குள் போய் நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. அதில் ஒன்று மழைக்கு ஒதுங்கியது.

அவர் சுற்றியது குட்டி லாரியில். தொண்ணூறுகளில் தெற்கு ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி வீட்டில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா வடகமும் வத்தலும் போட்டு விற்றதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. கீழ் வீட்டில் அண்ணாச்சி. தொழில், பத்திரம் எழுதுவது. பாளையங்கோட்டையில் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருந்தார். மற்ற பத்திர எழுத்தர்கள் சைக்கிளில் போனார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் ஸ்கூட்டரில் போனார்கள். அண்ணாச்சி ஒரு பேனா, ஒரு மைக்கூடு, ஒரு தூக்குச்சட்டி ஆகிய மூன்றையும் ஏற்றிக்கொண்டு லாரியில் போனார்.

ஒரு காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் அவருக்கு வாழைத்தோட்டம் இருந்திருக்கிறது. வாழைத்தார் ஏற்றுவதற்காக வாங்கிய வண்டி. தோட்டம் கைமாறிப் போன பிறகும் வண்டியை மட்டும் அவர் விடவில்லை. அதன் நிறம் என்னவென்று கேட்டால் தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். டீசல் டாங்கில் ஒழுக்கு வந்த இடத்தில் துணி சோப்பை அப்பியிருப்பார். வண்டிக்கு வாரம் ஒரு சோப்பு செலவானது; அண்ணாச்சிக்கு அவ்வளவு ஆகவில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

சுற்றுக்கு வருகிறேன். ஒருநாள் அந்த வண்டியின் ரிவர்ஸ் கியர் போய்விட்டது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இந்த வண்டிக்குப் பல்சக்கரம் இனி எங்கேயும் கிடைக்காது, எடைக்குப் போட்டுவிடலாம் என்றாராம். அண்ணாச்சி அந்த மெக்கானிக்கோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு பின்னால் போகவே தேவைப்படாத ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். முட்டுச்சந்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு அவர் போவதில்லை. எங்கே நிறுத்தினாலும் முன்னால் வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்துவார்.

தெற்கு ரத வீதியில் வண்டி மேற்கே பார்த்து நிற்கும். பாளையங்கோட்டையோ கிழக்கே இருக்கிறது. கூட்டமும் கடைகளும் நெருக்குகிற வீதியில் திருப்ப இடமில்லை. ஆகவே காலையில் மேல ரத வீதி, வடக்கு ரத வீதி, கீழ ரத வீதி என்று முக்கால் சுற்று. சாயங்காலம் திரும்பி வரும்போது மீதி கால் சுற்று. மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுக் கிளம்பினால் இன்னொரு முழுச் சுற்று. ஒரு பிரதோஷத்தன்று கண்ணாடி, பேனா, தூக்குச்சட்டி மூன்றையும் தனித்தனியாக மறந்து மூன்று சுற்று சுற்றினார். அன்றைக்குத்தான் ஊர் அவருக்குப் பெயர் வைத்தது.

பெரிய வேண்டுதல், அதனால்தான் சுற்றுகிறார் என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மேல ரத வீதியில் ஒருவர் கும்பிடு போட ஆரம்பித்தார். பிறகு ஆட்கள் வண்டியை நிறுத்தி, என் மகளுக்கு வரன் அமையவேண்டும், மாமியாருக்கு மூட்டுவலி தீரவேண்டும், சுற்றும்போது சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். எங்கள் அம்மாவும் எனக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். அண்ணாச்சி எல்லாருக்கும் தலையை ஆட்டினார். கியர் இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டிக்குக் கேவலம் என்பது அவர் கட்சி.

தெருவில் எனக்கு மட்டும் உண்மை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓலைப்பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். அவசரப் பத்திரம் இருந்தால் அங்கிருந்தபடியே வாசகம் சொல்வார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் வெளியே உட்கார்ந்து வரைவு எழுதுவேன். சொத்துக்கு நான்கு எல்லை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனர் கேட்பார். ஒரு தடவை நானும் வேகத்தில் எழுதிக்கொண்டே போக, முன்னீர்பள்ளத்து வயல் ஒன்று பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு வடக்கே அமைந்துவிட்டது. நல்லவேளை, நகல் எடுக்கும்போது கண்டுபிடித்துவிட்டார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ரிவர்ஸ் விஷயத்தை அடியிலிருந்து சொன்னார்.

சுற்றுவது பொய்தானே, ஜனங்களிடம் தலையை ஆட்டுகிறீர்களே என்று கேட்டேன். அடியிலிருந்து பதில் வந்தது.

“சுத்துதது பொய்யில்லையே வே. கேட்டவங்களுக்கெல்லாம் மனசுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போறேன். உமக்கும் சொல்லுதேன். வடக்கு ரத வீதி திரும்புத இடத்துல உம்ம முறை.”

அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. வண்டி நின்றுபோனால் யாரும் அதைத் தள்ளக்கூடாது. ஜங்ஷன் மேம்பாலத்தில் ஒருநாள் சூடேறி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் வரிசை கட்டிவிட்டன. போக்குவரத்துக் காவலர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தள்ள வந்தார். அண்ணாச்சி கீழே இறங்கி, வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அது பையச் சூடு ஆறி, தன் காலாலேயே போகும், யாரும் தொடவேண்டாம் என்றார். அரைமணி நேரம் ஆயிற்று. அன்று ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்டவர்கள் இன்றைக்கும் அவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்கு வேலை வந்தது. ராதாபுரத்தில் ஓர் அரசு அலுவலகம். நியமன உத்தரவு எங்கள் பழைய விலாசத்துக்குப் போய், யார் கையிலோ தங்கி, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது காலை பதினொரு மணி. பிரித்துப் பார்த்தால் அன்றைக்குத்தான் கடைசி நாள். மாலை ஐந்தே முக்காலுக்குள் நேரில் சேராவிட்டால் நியமனம் ரத்து. ஊரிலோ இரண்டு நாளாகப் பஸ் ஓடவில்லை, வேலைநிறுத்தம். நான் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அழ ஆரம்பித்தாள்.

பஸ் இல்லாததால் பத்திரம் எழுதவும் ஆள் வராமல் அண்ணாச்சி வீட்டில் இருந்தார். காகிதத்தை வாங்கி, பத்திரத்தைப் படிப்பதுபோல இரண்டு தடவை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“தேதி தப்புனா இது வெறும் காயிதம். ஏலே, சட்டையை மாத்திட்டு வந்து ஏறு.”

என்னை எப்போதும் நீர், உமக்கு என்று பேசுகிறவர் முதல் தடவையாக ஏலே போட்டார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

அவசரம்தான், ஆனாலும் வண்டி மேற்கே பார்த்து நின்றதே. முக்கால் சுற்று சுற்றித்தான் ஆகவேண்டும். எனக்காகத்தான் கோயிலைச் சுற்றிப் போகிறார் என்று நினைத்து அம்மா வாசலில் நின்று கும்பிட்டாள். வடக்கு ரத வீதி திரும்பும்போது அண்ணாச்சியின் உதடு அசைந்தது. அப்புறம் நேரே பாளையங்கோட்டை, நாகர்கோவில் சாலை. முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. நாங்குநேரியில் ரேடியேட்டர் கொதித்தது. ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஆறும்வரை முக்கால் மணி நேரம் நின்றோம். வள்ளியூருக்கு முன்னால் மறுபடியும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் என்னைப் பார்ப்பதுமாகப் போனது. வள்ளியூர் தாண்டிய பிறகு வழி நெடுகப் பனைமரங்கள்தான். ஏறிக்கொள்ளலாமா என்று கேட்க வேறு ஒரு வண்டி கிடையாது.

ராதாபுரத்துக்கு ஆறு மைல் இருக்கும்போது ஒரு குளத்தங்கரை. கரைமேல் ஒரு வண்டி மட்டும் போகிற சாலை. பாதி தூரம் போய்விட்டோம். எதிரே உவரியிலிருந்து மீன் வேன், அதன் பின்னால் இன்னொரு மீன் வேன், அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். எங்கள் பின்னால் ஒன்றுமில்லை. யார் பின்வாங்கவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் வேன் டிரைவர் மரியாதையாகத்தான் கேட்டார். “அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால எடுங்க.”

அண்ணாச்சி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை மரியாதை குறைந்துவிட்டது. மீன் கெட்டுப்போகும் என்று வேனில் இருந்த பெண்கள் சத்தம் போட்டார்கள். மணி நாலே முக்கால். வீம்பு பிடித்த கிழவர் என்று அவர்கள் நினைத்தார்கள். விஷயம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. அது என் ரகசியம் இல்லை. நான் இறங்கி ஓடிப் போய்விடுகிறேன் அண்ணாச்சி என்றேன். ஒரு மணி நேரத்தில் ஆறு மைலா என்று கேட்டார். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எம் வண்டிக்கு ரிவர்ஸ் கெடையாது. மூணு வருசமாச்சு. இந்தப் பையன் அஞ்சே முக்காலுக்குள்ள வேலையில சேரணும். எல்லாருமாச் சேந்து கொஞ்சம் பின்னால தள்ளி விடுங்க, தாயி.”

மேம்பாலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் இவர்தான் என்று என்னால் நம்பமுடியவில்லை. இறங்கிவந்த பெண்களில் மூத்தவள் ஒருத்தி, “இதச் சொல்லதுக்கா இம்புட்டு நேரம்?” என்றாள். பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியின் மூக்கில் கை வைத்தோம். மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்த்து ஓட்டாதவர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடுமாறினார். ஒரு சக்கரம் குளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பைய, பைய என்று அவர் உள்ளே இருந்து கத்த, அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். கரை தாண்டி ஒதுங்கியதும் வேன்களும் டிராக்டரும் போயின. மூத்தவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போயி வேலையில சேருய்யா என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

அலுவலகத்துக்குள் நான் ஓடியபோது மணி ஐந்தரை. தலைமை எழுத்தர் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் திறந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தேன். அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டாச்சா என்று அங்கிருந்தே கேட்டார். போட்டாச்சு என்றேன். வெளியே தவழ்ந்து வந்து எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. டீசல் தெறித்துவிட்டது என்றார். நான் குனிந்து அவர் காலைத் தொடப் போனேன். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

“தொடாதலே, கிரீஸ் ஒட்டிக்கிடும். நாளைக்கு ஆபீசுக்குப் போடச் சட்டை வேணும்லா.”

நான் தொட்டேன். இரண்டு கையாலும் அழுத்தியே தொட்டேன். சட்டையின் கைமடிப்பில் கிரீஸ் அப்பிக்கொண்டது; மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் என் முதல் நாள் வேலைக்கு உட்கார்ந்தேன்.