முட்டி மடங்காத விருந்தாளி

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் நம்மவர்களுக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, பயம். என்ன சாப்பிடுவார், எங்கே படுப்பார், இந்த வெயிலைத் தாங்குவாரா என்று வரிசையாகக் கவலைப்படுவோம். அந்த வரிசையின் கடைசியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாகரிகம் கருதி அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எங்கள் விடுதிக் கமிட்டியில் கேட்டுவிட்டார்கள். விடை தேடும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு நான் "என்னால ஆவாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விருத்தாசலத்தில் என் மானம் பத்திரமாக இருந்திருக்கும். (எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்காது. அது வேறு கதை. வேறு இல்லை, இதே கதைதான்.)

எழுபதுகளின் தொடக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, ஜங்ஷன் பக்கம் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்திருந்தேன். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். காலராவில் பெற்றோரை இழந்தவள், கிணறு வெட்டப்போன அப்பா திரும்பி வராதவள், யாரும் காரணமே சொல்லாமல் கொண்டுவந்து விட்டுப்போனவள் என்று நல்லூர், திட்டக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இவர்களுடைய சோற்றுக்கும் படிப்புக்கும் ஆன செலவில் பெரும்பகுதி டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் மாடு வளர்க்கிற பெண்கள் சிலர், கேக் சுட்டு விற்று, முகம் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்காக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எட்டாவது வரைதான். அதற்குமேல் அவர்கள் கொடுப்பதாகப் பேச்சு இல்லை. அந்த வருடம் ஐந்து பெண்கள் எட்டாவது முடிக்க இருந்தார்கள். அதில் அஞ்சலை என்பவள் கணக்கில் என்னையே திருத்துவாள். நல்லூரிலிருந்து அவள் தாய்மாமன் அப்போதே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். முழுப்பரீட்சை முடிந்ததும் ஆடு மேய்க்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னான். அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான்.

இந்த நிலையில்தான் அந்த டென்மார்க் பெண்களில் ஒருவர், கரீன் என்பவர், எங்களைப் பார்க்க வந்து இரண்டு நாள் தங்குவதாகச் செய்தி வந்தது. அவர் மனது வைத்தால் ஐந்து பேருக்கும் ஹைஸ்கூல் உண்டு என்று கமிட்டி தீர்மானித்தது. ஆகவே அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

கமிட்டித் தலைவர் காதர் பாய். அரிசி மில் வைத்திருந்தார். இளவயதில் மலேயாவில் இருந்தவர் என்பதால், வெள்ளைக்காரர்கள் சம்பந்தமான எல்லா விஷயத்திலும் அவர் சொன்னதுதான் முடிவு.

"பினாங்குல தொரை பங்களாவுல கணக்கு எழுதுனவன் நானு. எனக்குத் தெரியும் டீச்சரம்மா. அவங்களுக்கு முட்டி மடங்காது. பொறப்புலயே அப்பிடி. நாற்காலி மாதிரி ஒக்கார்ற கக்கூஸ் இல்லன்னா ரெண்டு நாளும் அந்தம்மா தவிச்சுப் பூடும்."

கமிட்டி மொத்தமும் அந்தத் தவிப்பைக் கற்பனை செய்துபார்த்து நடுங்கியது. எங்கள் விடுதியில் நாற்காலிக் கக்கூஸ் என்ன, எந்தக் கக்கூஸும் கிடையாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு இருந்தது. அது போதும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

பீங்கானுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பீங்கானுக்கு அலைவதா என்று தொழிற்பேட்டைக்குப் போனேன். போன இடமெல்லாம் இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும் கன்னம் சிவந்த பொம்மைகளுமாக இருந்தன. கடைசியில் ஒரு சின்னக் கொட்டகையில், சூப்பர்வைசர் செல்வராஜ் என்பவர், சோதனைக்காக ஒன்று செய்துபார்த்ததாகச் சொன்னார். சாக்கை விலக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் சூளையில் இடது பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

சாய்ந்திருக்கிறதே என்றேன். உட்காருகிறவர் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும் என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். (இதுதான் எங்களுடைய முதல் உரையாடல். எங்கள் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.)

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அதை ஏற்றினோம். ஆடினால் உடைந்துவிடும் என்பதால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்காரர் மாட்டைப் பிடித்திருந்தார். ஆக, நான் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன். விருத்தாசலம் கடைத்தெரு முழுக்க அப்படியே ஊர்வலம். பஸ் ஸ்டாண்டு அருகில் வண்டி நின்றபோது ஒரு பெரியவர் நிதானமாகச் சுற்றிவந்து பார்த்தார்.

"புது மாதிரி ஆட்டுக்கல்லுங்களா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"மாவு எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் கரீன் அம்மா வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையிலேயே செல்வராஜ் இரண்டு ஆட்களோடு வந்தார். பின்பக்கம் குழி தோண்டி, குழாய் இறக்கி, முற்றத்து மூலையில் பீங்கானைச் சிமெண்டில் நிறுத்தி, நான்கு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டி முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. சிமெண்டு இறுக ஒரு நாளாவது வேண்டும், அதுவரை யாரும் கிட்டேயே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கிணற்றடியில் சிமெண்டு பூசிய கரணையைக் கழுவப் போனார்.

காதர் பாய், கமிட்டி, பேண்டுக்காரர்கள் எல்லோரும் முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் வீட்டு அம்மா இரவல் கொடுத்த பட்டுப்புடவையில் நான் இங்கிலீஷை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். "வெல்கம் மேடம். ப்ளீஸ் டேக் யுவர் ஸீட்." இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்வேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சிமெண்டு நாளைக்குத்தான் இறுகும். விருந்தாளி இன்றைக்கே வருகிறார். அவர் அவசரப்பட்டால்?

யாராவது உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. பிள்ளைகளைச் சொல்ல முடியாது. தட்டிக்குள் நானே போனேன். மெல்ல உட்கார்ந்தேன். தாங்கியது. முழுப் பாரத்தையும் இறக்கினேன். அதையும் தாங்கியது. ஆனால் அந்த டென்மார்க் பெண்கள் அனுப்பியிருந்த போட்டோ நினைவுக்கு வந்தது. அதில் ஒவ்வொருவரும் இரண்டு நான் இருப்பார்கள். மீதி ஒரு 'நானு'க்கு என்ன செய்வது? சமையல்கட்டிலிருந்து அரைக்கோணி அரிசியை இழுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். (பயிற்சிப் பள்ளியில் விஞ்ஞானத்தில் எனக்குத்தான் முதல் பரிசு.)

இந்த இடத்தில் வெளியே நடந்ததைச் சொல்ல வேண்டும். கரீன் அம்மா ரயிலில் வரவில்லை. சிதம்பரத்தில் யாரோ பஸ் ஏற்றிவிட, சேத்தியாத்தோப்பு வழியாக வந்து இறங்கி, தோளில் ஒரு பையோடு விசாரித்துக்கொண்டே நடந்து வந்துவிட்டார். பின்னால் ஒரு தெருவே வந்தது. பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் சொல்லிக்கொடுத்தபடி பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாட்டைக் கேட்டு நான் பதறி அசைந்தேன். பீங்கான் தன் சுபாவப்படி இடது பக்கம் சாய்ந்தது. பிடிமானத்துக்குத் தட்டியைப் பிடித்தேன். தட்டி என்னைப் பிடிக்கவில்லை. ஒரு தட்டி விழுந்தது, அதோடு கட்டியிருந்த மற்றதும் விழுந்தது. கோணி அவிழ்ந்து அரிசி கொட்டியது. தூசி அடங்கியபோது, திறந்த முற்றத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சாய்ந்த பீங்கான்மேல் சாய்ந்து, ஊரே பார்க்க நான் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு நின்றது. எழுந்துகொள்ளப் பார்த்தேன். இடது கால் கணுக்கால் வரை ஈரச் சிமெண்டுக்குள் இறங்கியது. பாதி எழுந்து பாதி குனிந்த நிலையில், எதிரே நின்ற வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்தேன். புத்தி வேலை செய்யவில்லை. வாய் மட்டும் ஒரு வாரப் பழக்கத்தில் வேலை செய்தது. கையைப் பீங்கான் பக்கம் நீட்டி, "வெல்கம் மேடம். ப்ளீஸ் டேக் யுவர் ஸீட்" என்றேன்.

கரீன் அம்மா பையைக் கீழே போட்டார். சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்குமுன் ஒரு பெண்ணிடம் கேட்டதில்லை. கன்று போட்ட பசுவைப் பார்த்து மாட்டுக்காரர்கள் சிரிப்பார்களே, அப்படி. அப்புறம் நேராக வந்தார். கையைக் கொடுத்து என்னை நிமிர்த்தினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறுங்கையால் சிமெண்டைத் தோண்டி என் காலை வெளியே எடுத்தார். செருப்பு உள்ளேயே இருந்துவிட்டது. செல்வராஜ் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தவர், கையில் கரணையோடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

அதே நேரத்தில் விஷயம் கேள்விப்பட்டு ஸ்டேஷனிலிருந்து கமிட்டி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் பேண்டும் வாசித்துக்கொண்டே வந்தது. காதர் பாய் மாலையும் கையுமாக முன்னால் வந்து, தரையில் குந்தியிருந்த விருந்தாளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என் காதருகே குனிந்தார்.

"மடங்குதே டீச்சரம்மா."

பிறகு தெரிந்தது, கரீன் அம்மா பிறந்ததிலிருந்து மாட்டுத் தொழுவத்தில் குந்திக் குந்தி வளர்ந்தவர்.

என் காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, இந்தக் கக்கூஸ் யாருக்காக என்று கேட்டார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான், ஒரு கால் நொண்டும். அதனால் நன்றாகப் புரிந்தது. உங்களுக்காக என்றேன். பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேட்டார்.

இதற்கு நான் எதையும் உருப்போட்டிருக்கவில்லை. ரயில் பாதையைக் காட்டினேன். விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை, பெரிய பெண்கள் பகலில் அடக்கிக்கொள்வார்கள், அதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்றேன். தினமும் நான் கண்ணால் பார்த்ததுதான். இங்கிலீஷில் சொன்னபோதுதான் என் காதிலேயே விழுந்தது. கரீன் அம்மா இப்போது சிரிக்கவில்லை.

அஞ்சலை வரிசையை விட்டு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே பேச்சு எதைப்பற்றி என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"டீச்சர், அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. எங்களுக்கு கக்கூஸு வாணாம். ஒம்பதாவது படிக்க வெச்சா போதும்னு சொல்லுங்க."

காதர் பாய் இருமினார். விருந்தாளியிடம் முதல் நாளே கேட்கக்கூடாது, ஊருக்குப் போகும்போது பக்குவமாகக் கேட்க வேண்டும் என்பது கமிட்டி முடிவு. ஆனால் ஒரு காலில் மட்டும் செருப்போடு நிற்கிற எனக்கு இனி என்ன பக்குவம்? சொல்லிவிட்டேன்.

கரீன் அம்மா அஞ்சலை பக்கம் திரும்பினார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது என்று என்னிடம் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். அதுதான் உண்மை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நாளும் அவர் பிள்ளைகளோடு பாயில் படுத்தார். விடியுமுன் சொம்பை எடுத்துக்கொண்டு அவர்களோடு முள்ளுக்காட்டுக்குப் போனார். (காதர் பாய் அந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.) எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. ஊரில் மற்றப் பெண்களிடம் கேட்க வேண்டும், நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்றார். நடந்தபடியா என்று நான் கலங்கினேன். அப்படியேதான் என்றார்.

அந்தக் கிராமத்தில் என் கதையை எத்தனை பேர் சொல்லிச் சிரித்தார்களோ தெரியாது. ஆனால் பரீட்சைக்கு முன்பே பதில் வந்துவிட்டது. படிக்கிற வரைக்கும் படிக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். விடுதிக்குக் கதவும் தாழ்ப்பாளும் வைத்த கக்கூஸ்கள் ஒரு வரிசை கட்டவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் வந்தபோது அஞ்சலையே வாசலில் நின்று, தான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். குந்தி உட்காருகிற பீங்கான்களைச் செல்வராஜ்தான் எங்கிருந்தோ தேடி வாங்கித் தந்தார். எதுவும் சாயவில்லை. சாய்ந்த பழையதைக் காதர் பாய் சத்தமில்லாமல் தம் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அத்தனை வருடமாக முட்டி மடங்காமல் அவஸ்தைப்பட்டவர் அவர்தான் என்று அவர் வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அஞ்சலை இப்போது கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மற்ற நால்வரில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தபால் ஆபீஸில் இருந்தாள். இரண்டு பேர் பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய பெண்கள் நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், சம்பந்தி வீட்டார் புதிதாக வந்தாலும், காபி ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் செல்வராஜ் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். வருடத்துக்கு வருடம் பீங்கான் பெரிதாகிறது, சிமெண்டு ஆழமாகிறது. போன வருடம் பேத்தி நிச்சயதார்த்தத்தில் இடுப்புவரை போய்விட்டது. அதையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை. கடைசியில் தாம்தான் என்னைத் தூக்கிவிட்டதாகச் சொல்கிறார் பாருங்கள், அங்கே மட்டும் விடமாட்டேன். தூக்கிவிட்டது கரீன் அம்மா, நீங்கள் கரணையோடு சும்மா நின்றீர்கள் என்று எல்லார் முன்னாலும் திருத்திவிடுவேன்.

"சரி, அன்னிக்கு அவங்கதான் தூக்குனாங்க," என்பார் அவர், சபையைப் பார்த்து. "அன்னியிலேருந்து எறக்கி வெக்க முடியாம சொமந்துகிட்டு இருக்கறது யாராம்?"