அடைகோழி டாக்டரின் கூடம்

ஒருவரைப் பார்த்ததும் இவர் என்ன சாதி, என்ன சம்பளம் என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் எவ்வளவு நேரம் எரிவார் என்று கணக்குப் போட்ட ஒரே மனிதர் அடைகோழி டாக்டர். அவரைப் பொறுத்தவரை மனித குலம் இரண்டு வகை: நல்ல விறகு, ஈர விறகு.

முதல் சந்திப்பில் அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து என் வயிற்றை நிதானமாக அளந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "உங்கள மாதிரி நாலு பேர் கெடச்சா எனக்குக் கவலையே இல்ல சார்." நடுவயதில் என் தொப்பைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கட்டடக்கலையில் ஆர்வம் இல்லை.

மலைநகரமான தானா ராத்தாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டம் கைவிட்ட சரிவில் எங்கள் பல்கலைக்கழகம் மலை வளாகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அங்கே நான் நிர்வாக அதிகாரி. பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அந்தப் பதவிக்கு நூறு வருடமாக இருக்கிற பெயர் கிராணி. எனக்கும் அதையே வைத்துவிட்டார்கள். டாக்டர் கட்டடக்கலைப் பேராசிரியர். மாணவர் விடுதியை அவர்தான் வடிவமைத்திருந்தார். சரிவை வெட்டிய மண்ணிலேயே அறுத்த கற்கள், தடித்த இரட்டைச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவே தேயிலைத் தொழிற்சாலை கழித்துப்போட்ட நார். ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி. நடுவில் பெரிய கூடம், அதைச் சுற்றி அறைகள். ஹீட்டர் மட்டும் கிடையாது. உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனின் உடம்பு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு தரும், கூடம் நிறைந்தால் அந்தச் சூட்டைச் சுவர் வெளியே விடாது என்பது அவருடைய சித்தாந்தம்.

திறப்பு விழாவன்று லயத்து ஜனங்களுக்கு அதை அவரே விளக்கினார். "கோழி அடைகாக்குது. அது என்ன ஹீட்டரா மாட்டி வச்சிருக்கு? சேந்து உக்காந்தாப் போதும்." அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பெயர் சூட்டல் நடந்து முடிந்துவிட்டது.

சித்தாந்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஆள் நிறைந்தால்தான் கூடம் சூடாகும். கூடம் சூடாக இருந்தால்தான் ஆள் வரும். மாணவர்கள் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தார்கள். துவைத்த சட்டை காயவே இல்லை. சுவர் ஈரம் குடித்து, நேற்றைய டீத்தூளை மறுபடி கொதிக்க வைத்த வாசனை அடித்தது. ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தாவில் வாடகை அறை தேடிப் போனார்கள். ஆள் குறையக் குறையக் குளிர் ஏறியது. குளிர் ஏற ஏற இன்னும் ஆள் குறைந்தது. வளாகக் கையேட்டில் இதற்கு 'இதமான மலைச்சூழல்' என்று எழுதியவன் நான். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

டாக்டர் அசரவில்லை. விடுதியிலேயே ஓர் அறையில் குடியேறி விறகு சேகரிக்கக் கிளம்பினார். மனைவி இறந்துவிட்டிருந்தார், மகன் ஆஸ்திரேலியாவில். வேறு வீடு என்று அவருக்கு இல்லை. பாடமெல்லாம் கூடத்தில்தான். கேரம் போர்டு வாங்கிப் போட்டார். திரிங்காப் காய்கறித் தோட்டத்து வங்காளதேசத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்தார்கள். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த சுற்றுலாப் பயணிகளைச் சாலையில் மறித்து, "சும்மா உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். மதம் மாற்றுகிற கோஷ்டி என்று பயந்து அவர்கள் வேனை வேகமாக ஓட்டிப் போனார்கள்.

லயத்து ஜனங்கள் மரியாதைக்காக வந்தார்கள். அந்த மரியாதைதான் அவரைப் படாதபாடு படுத்தியது. லயத்தில், வீட்டில் ஆள் விழித்திருக்கும் வரை வாசல் கதவைச் சாத்த மாட்டார்கள். விருந்தாளி உள்ளே இருக்கும்போது சாத்தினால் அது அவமானம். சாத்தியிருந்தால் உள்ளே சண்டை என்று அர்த்தம். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் கூடத்துக் கதவை அகலத் திறந்து, காற்றில் ஆடாமல் ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு, பணிவாக உட்கார்ந்து நடுங்கினார்கள். டாக்டர் போய்ச் சாத்துவார். அடுத்து வருகிறவர் திறப்பார். விடுதிச் சமையலைப் பார்த்துக்கொண்ட செல்வி அக்கா, அந்த லயத்தில் பிறந்தவர், ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"ஆளக் கூப்பிட்டு உள்ள வச்சுக் கதவச் சாத்தினா, நாங்க என்ன ஆடா, மாடா டாக்டர்?"

"கோழி, செல்வி."

செல்வி அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது, கொஞ்சம் சத்தமாக.

இரண்டாவது வருடம் அவருக்கு நுரையீரலில் புற்று என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செல்வி அக்காவுக்குச் சந்தேகமே இல்லை: இந்தக் கூடம்தான் காரணம். இல்லை, அது எப்போதோ வேர்விட்ட நோய் என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் டாக்டர் ஒரு சுற்று இளைத்திருந்தார். கூடத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என்னைக் கணக்குல சேக்காதீங்க கிராணி. நான் இப்ப ஈர விறகு." நான் சிரித்துவைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கமிட்டி வருவதாகக் கடிதம் வந்தது. கூடம் ஆட்களாலேயே சூடாகிறதா என்று நேரில் பார்ப்பார்கள். ஆகாவிட்டால் சுவரைத் துளைத்து ஹீட்டர்கள் பொருத்தப்படும். டாக்டருக்கு வீடு, விருது, ஆயுள் எதன்மீதும் பெரிய ஆசை மிச்சமில்லை. சுவரைத் துளைப்பதற்கு முன்னால் அந்தக் கூடம் நிறைந்து, ஒரே ஒரு தடவை சூடாவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வீடு வீடாக ஏறி இறங்கி அழைத்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இருமிவிட்டுப் போனார். எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள், கதவைச் சாத்தவும் சம்மதித்தார்கள்.

கமிட்டி வருகிற அன்று காலையில் பெய்த மழையில் லயத்துப் பாதை சரிந்துவிட்டது. தோட்டத்து ஆட்களெல்லாம் மண்வெட்டியோடு அங்கே போய்விட்டார்கள். மாணவர்களின் பஸ் கீழேயே நின்றுவிட்டது. எப்படியோ ஏறி வந்தது கமிட்டி மட்டும்தான். கூடத்தில் டாக்டர், செல்வி அக்கா, நான், ஈரமான ஒரு நாய். என்னால் முடிந்த மட்டும் எரிந்தேன். கமிட்டித் தலைவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மிகவும் இதமான குரலில், கட்டடம் அழகாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். நாய் முதலில் வெளியேறியது. அடுத்த வாரம் ஹீட்டர்கள் பெட்டி பெட்டியாக லோரியில் வந்து கூடத்து ஓரத்தில் இறங்கின.

அவற்றைப் பிரிப்பதற்குள் டாக்டர் ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மகன் வந்துசேர மறுநாள் ஆகும். உடலை விடுதிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அமரர் ஊர்தியோடு வந்தவர் பருமனான மனிதர், தொழில் தெரிந்தவர். கூடத்துக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்: "நல்ல குளிர் சார். நாளைக்கு வரைக்கும் ஐஸ் தேவையில்ல." அந்தக் கூடத்தின் குளிரை மனதாரப் புகழ்ந்த முதல் ஆள். டாக்டர் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மறுநாள் காலை ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். லயம் முழுவதும் வந்தது. வாடகை அறைக்கு ஓடிப்போன மாணவர்கள் வந்தார்கள். கேரம் பையன்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு லோரி நிறைய வந்தார்கள். கம்போங் ராஜாவிலிருந்து யார் யாரோ. நாற்காலி போதாமல் தரையில், படியில், ஹீட்டர் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். வெளியே மழை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது, கல் முட்டுக் கொடுத்து. சாவு வீட்டுக் கதவை யாராவது சாத்துவார்களா?

செல்வி அக்கா எழுந்தார். முட்டுக் கல்லைக் காலால் தள்ளினார். கதவைச் சாத்தினார்.

மூலையில் இருந்த ஒரு பெரியவர், "என்னம்மா இது, எழவு வீட்டுல?" என்றார்.

"டாக்டருக்குப் பிடிக்காது, மாமா. உக்காருங்க லா."

பெரியவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. தேவாரம் தெரிந்த ஒருவர் பாடினார், மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஜன்னல் கண்ணாடிகளின் ஓரம் வேர்க்க ஆரம்பித்தது. ஒரு மாணவி சால்வையைக் கழற்றினாள். துக்கத்துக்கு வந்திருந்த கமிட்டித் தலைவர் பின்வரிசையில் கோட்டுப் பொத்தானை அவிழ்த்தார். ஊர்திக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"சார், ஹீட்டர அணைக்கச் சொல்லுங்க. பாடி தாங்காது."

"ஹீட்டர் ஓடல அண்ணே."

"பொய் சொல்லாதீங்க சார். எனக்கே வேர்க்குது."

"ஹீட்டர் மேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க."

அவர் எழுந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒட்டியிருந்த நாடா பிரிக்கப்படாமல் இருந்தது. மறுபடி உட்கார்ந்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ. நான் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்தில் அதை நான் கழற்றியது அதுதான் முதல் தடவை. நிறைந்த அந்த இடத்தில் குளிர்ந்து கிடந்தவர் டாக்டர் ஒருவர்தான்.

ஒரு சாவுக்காகக் கமிட்டி முடிவுகள் மாறுவதில்லை. அடுத்த மாதம் சுவரைத் துளைத்து ஹீட்டர்களை மாட்டினார்கள். மாணவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கூட்டம் சேரும் நாட்களில் செல்வி அக்கா சமையலறையிலிருந்து வந்து, யாரிடமும் கேட்காமல், அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போவார்.

கதவைச் சாத்துவது என் வேலை.