இரண்டு வரிகளும் அக்காவின் தாலியும்

சோம்பேறிகளைப் போல உழைக்கிறவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. அரை நிமிட வேலையைத் தட்டிக்கழிப்பதற்காக நான் இரண்டு நாள் சோறு தூக்கம் மறந்து உழைத்திருக்கிறேன். அதன் பலன் மலர் அக்காவின் கல்யாணத்தில் கிடைத்தது.

அப்போது கூலிம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பழுதான பொருள்களைக் கேமராவில் படம் பிடிப்பார்கள். அந்த மெமரி கார்டை என் மடிக்கணினியில் செருகி, படங்களை நகல் எடுத்து, கார்டைக் காலி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். தினமும் எட்டுத் தடவை. (கை ஒன்றும் ஒடிந்துவிடாது. ஆனாலும்.)

என் கணினியில் இருந்தது லினக்ஸ். அதற்குள் யூடெவ் என்றொரு சிறு நிரல் எந்நேரமும் விழித்திருக்கும். நாம் எதைச் செருகினாலும் பிடுங்கினாலும் அதற்குத்தான் முதலில் சேதி போகும். ‘இன்னது வந்தால் இன்னது செய்’ என்று விதி எழுதி வைத்தால், மறுகேள்வி கேட்காமல் செய்யும். நானும் இரண்டு நாள் மல்லுக்கட்டி இரண்டு வரி எழுதினேன். கார்டு வந்தால் நகல் எடுக்க வேண்டும், கார்டைக் காலி செய்ய வேண்டும். எழுதிய மறுநாளே கல்யாண விடுப்பு. ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பூ, பாக்கு, வாழை மரம் என்று அலைந்ததில் விதி எழுதியதையே மறந்துவிட்டேன்.

கரங்கான் ஊர்க் கோவில் மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பண்டார் பாருவிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்திருந்தார்கள். மணமக்களின் சின்ன வயதுப் படங்களைப் பெரிய திரையில் காட்டுவது என் பொறுப்பு. அதற்கு நான் கொண்டுபோனது அதே கணினியைத்தான்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா என் மேசைக்கு வந்தார்.

“தேவி, தாலி கட்டறப்ப கண்ணுல ஒரே தண்ணி. ஒண்ணுமே தெரியலம்மா. திரையில போட்டுக் காட்டு.”

“இதோ அத்தை!”

படம் எடுத்த குணா அண்ணனிடம் கார்டை வாங்கி, பெரிய நிபுணரைப் போலச் செருகினேன். அத்தை தங்கச்சிமாரைக் கூட்டி வரப் போனார். திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் முப்பது பேரும் நாற்காலிகளும் வந்தன. நான் கார்டைத் திறந்தேன்.

திரை முழுக்க வெள்ளை.

“என்னாம்மா, வெள்ளையா இருக்கு?”

குணா அண்ணன் எட்டிப் பார்த்தார். “அலாமாக்! ஹபிஸ் லா! எல்லாம் போச்சு. தாலி கட்டுனது இந்தக் கார்டுலதான் இருந்துச்சு!”

வந்தவர்களின் கைப்பேசிகளை எல்லாம் வாங்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் குணா அண்ணனின் முதுகு மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அத்தையின் முகம் வாடிப்போயிற்று. மேடையிலிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மாலை கருகாமல் இருந்தது ஆச்சரியம்.

“பரவால்ல லா, இன்னொரு தடவ கட்டிடறேன்” என்றார் மாப்பிள்ளை. (தங்கமான மனிதர்.)

“நல்ல நேரம் முடிஞ்சிருச்சு தம்பி” என்றார் குருக்கள்.

அப்போதுதான் அந்த விதி நினைவுக்கு வந்தது. படங்கள் தொலையவில்லை, என் கணினிக்குள்தான் இருக்கின்றன! “அத்தை, இருக்கு!” என்று கத்தினேன். அதே நொடியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்” என்று பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரி செத்து ஒரு வருடமான கணினி. அணைந்தது.

அது மறுபடி உயிர் பெறுவதற்குள் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரியில் நகல், இரண்டாம் வரியில் காலி என்று எழுதினேனா? அல்லது காலி செய்துவிட்டு, காலியாக இருப்பதை நகல் எடுக்கச் சொன்னேனா? தூக்கக் கலக்கத்தில் எழுதியது. சுத்தமாக நினைவில்லை. பட்டுச் சேலைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. மாரியாத்தாவுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பிறகு, எதற்கு வம்பு என்று, இரண்டு குடமாக்கினேன்.

கோப்புறையைத் திறந்தேன். ஒன்று, பத்து, நூறு... அத்தனை படமும் இருந்தது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குணா அண்ணன் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டும் படம் திரையில் வந்தது. மண்டபமே கை தட்டியது. அத்தை மறுபடியும் அழுதுவிட்டதால் அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் நான் வந்தால் எங்கள் வீடுகளில் சார்ஜரில் இருக்கும் கைப்பேசிகள் அவசரமாகக் கழற்றப்படுகின்றன. போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு எனக்குக் கிடைத்தது பலூன் ஊதும் வேலை மட்டும். அதையும் அத்தான் நம்பிக் கொடுக்கவில்லை.

“தேவி, முதல்ல ஊதணும், அப்புறம்தான் முடிச்சுப் போடணும். வேணும்னா எழுதித் தரவா?”