வேலி தாண்டி வந்த உறைப்பு

புங்குடுதீவு

அன்பு மருமகன் தயாபரனுக்கு மாமா சரவணமுத்து எழுதிக்கொள்வது. கனடாக் குளிரில் குடும்பத்தோடு சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் கிணறும் நலம்.

விசயம் இதுதான். பக்கத்திலுள்ள உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற சறோஜினிதேவி ரீச்சரை உடனே வீட்டைவிட்டு எழுப்பிவிடு.

உன் மாமி அம்பிகை கலியாணத்தோடு கொண்டுவந்த கறிமிளகாய் உனக்கு ஞாபகமிருக்கும், உறைப்பென்பதே இல்லாத சாதி. அவள் போனபிறகும் வருசாவருசம் நல்ல காயொன்றில் பிடுங்காமலிருக்க அடையாளமாய்ச் சீலைத்துண்டு கட்டி, பழுக்கவிட்டு விதை எடுத்து வந்தேன். அவளுடையதென்று உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். போன கிழமை அவளின் திவசம். கறிமிளகாயை முழுசாய்ப் பொரித்துப் படைத்தேன். பந்தியில் வள்ளக்காரக் குருசுமுத்து, ரீச்சர், நான், அவ்வளவுதான். கடிச்சதுதான் தாமதம், குருசுமுத்து “ஐயோ மாதாவே!” எண்டு கிணத்தடிக்கு ஓடினான். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகுது. அம்பிகையின்ர செத்தவீட்டிலகூட ஒருத்தரும் இப்பிடி அழேல்லை! ரீச்சர் மட்டும் ஆறுதலாச் சாப்பிட்டிட்டு, “அண்ணை, எங்கட பச்சைமிளகாய் மாதிரியெல்லோ இருக்கு” எண்டா.

விவசாயக் கந்தோரில நிலாந்திப் பிள்ளையைக் கேட்டன். “மிளகாய் பெரும்பாலும் தன்ர பூவிலயே தானாக் காய்க்கும் ஐயா. இடைக்கிடை தேனீ பக்கத்துச் செடியின்ர மகரந்தத்தைக் கொண்டந்திடும். போன வருசம் கலந்திருக்கு. அந்தக் காயில தெரியாது, அதின்ர விதையை நட்டாத்தான் உறைக்கும்” எண்டாள். நான் நட்டது முழுக்க அந்த ஒரு பழத்தின்ர விதை. பழசு ஒண்டும் மிச்சமில்லை, தம்பி. அம்பிகையின்ர சாதி முடிஞ்சுது.

தேனீ எங்கயிருந்து வந்ததெண்டு கேக்கவே வேணும்? வேலியோரம் முழுக்க ரீச்சரின்ர பச்சைமிளகாய். தண்ணி விட வந்தா, “அண்ணை, தேத்தண்ணி குடிச்சாச்சோ?” எண்டு காலமை காலமை ஒரு கேள்வி வேற. குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? நான் தனியச் சமாளிப்பன். எனக்கு ஒருத்தரும் தேவையில்லை. எழுப்பு!

நயினை அம்மன் உன்னையும் பிரியவதனியையும் பிள்ளைகளையும் பனியில் வழுக்கி விழாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதைத் தபாலில் போட வெளிக்கிட்டால் படலையடியில் ரீச்சர். “தையோட வவுனியாவுக்கு மகளிட்டப் போறன் அண்ணை” எண்டா. தம்பி, நீதானே வீட்டுக்காரன், விடாதை! வாடகையைக் குறை, வாடகையே வேண்டாமெண்டு சொல்லு. அவவும் போனா, நான் தேத்தண்ணி குடிச்சனோ எண்டு ஆர் கேக்கிறது? உறைக்கிற மிளகாயிலேயே ஒன்றுக்குச் சீலைத்துண்டு கட்டியிருக்கிறேன். அது பழுக்கும் மட்டுமாவது நிக்கச் சொல்லு.