நீலப் பரலுக்குள் வைத்த வயர்

கல்யாண வீட்டில் புகை வந்தால் அது அடுப்பிலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் ஐயரின் ஓமத்திலிருந்து வரவேண்டும். என் அக்காவின் கல்யாணத்தில் புகை வந்தது, தண்ணீர் பிடித்து வைக்கும், மூடி போட்ட ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள்ளிருந்து. அதை அங்கே வைத்த புத்திசாலி நான்தான்.

அப்போது நான் கம்பஸில் எஞ்சினியரிங் முடித்து, ரிசல்ட் வந்து மூன்று வாரம். வாயு நிரப்பிய குழாய்க்குள்ளால் மின்சாரம் கொண்டுபோகும் முறையில் சூடு எப்படி வெளியேறுகிறது என்பதுதான் என் கடைசி வருட ஆய்வு. பெரிய அலுமினியக் குழாய், நடுவே மின்சாரம் போகும் தண்டு, சுற்றிவர அழுத்தி நிரப்பிய வாயு. தண்டு சூடாகும். வாயு சுழன்று அந்தச் சூட்டைக் குழாயின் சுவருக்குக் கொண்டுபோகும், கொஞ்சம் கதிர்வீச்சாகவும் போகும், சுவர் அதை வெளியே விட்டுவிடும். அப்படியொரு குழாயை நான் கண்ணால் கண்டதேயில்லை (கம்பியூட்டரில் கண்டிருக்கிறேன், நல்ல வடிவான நிறம்). ஆனால் எங்கள் ஊர் தன்னாமுனையில் நான் அதைப்பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. மீன் விற்க வந்தவரையும் விடவில்லை.

பந்தலுக்கு லைட், ஃபேன், ஸ்பீக்கர் போட வந்தவர் யோகண்ணன். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணமென்றாலும் அவர்தான். வீட்டிலிருந்து பந்தலுக்குப் போகும் வயரை உருளையிலிருந்து கடைசி முழம் வரை கழற்றி, வேலியோரம் நிழலில் பரத்திப் போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம், பார்க்க அசிங்கமாக இருந்தது.

"யோகண்ணன், இதென்ன கோலம்? மிச்ச வயரச் சுத்தி வைங்க."

"சுத்தி வெச்சா சூடேறும் தம்பி. ஐஸ்கிரீம் பெட்டியும் இதிலதான் ஓடுது. கிடக்கட்டும்."

சூடா? என்னிடமே சூட்டைப்பற்றியா? "அண்ணன், நான் படிச்சதே அதுதான்" என்று தொடங்கி, அலுமினியம், வாயு, கதிர்வீச்சு என்று ஒரு கால்மணித்தியாலம் அவரை நிற்கவைத்துப் பொழிந்தேன். பாவம், மனிதர் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "சரி தம்பி, நீங்க படிச்ச ஆள்" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் பார்க்கப் போய்விட்டார்.

நானே அந்த உருளையில் சுற்றினேன். வரிசை பிசகாமல் இறுக்கிச் சுற்றி, ஒரு வெற்றுப் பரலுக்குள் இறக்கி, மூடியில் வயர் போக ஓட்டையும் போட்டு மூடினேன். நடுவே வயர், சுற்றிவரக் காற்று, வெளியே வட்டமான சுவர். என் ஆய்வின் படமேதான்! (ஆய்வில் இருந்தது ஒரேயொரு தண்டு. பரலுக்குள் இருந்ததோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த அத்தனை சுற்று. சுவரும் அலுமினியம் இல்லை, தடித்த பிளாஸ்டிக். போதாததற்கு வெயிலில் வேறு வைத்திருந்தேன்.)

ஆசி வாங்குவதற்காகத் தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் போன மந்திரம் பாதியில் நின்றது. ஃபேன்கள் நின்றன. பிறகு நாற்றம். பிறகு மூடியின் ஓட்டையால் கறுப்புப் புகை எழும்பியது. மாப்பிள்ளையின் மாமி பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னகா இது, தாலி கட்டுற நேரத்தில!" என்றா. அக்கா குனிந்தபடியே அழத் தொடங்கினா. மேளக்காரருக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் தாலி எப்படியோ நேரத்துக்குக் கட்டியாயிற்று.

அதன் பிறகு அப்பா, சபை நடுவே, யோகண்ணனைப் பிடித்தார். "உன்ன நம்பித்தானே தந்தனான்! என்ட மானத்த வாங்கிப்போட்டியே!"

யோகண்ணன் என்னைப் பார்த்தார். 'அப்பா, சுத்தினது நான்.' இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. நான் சொன்னது வேறு.

"வயர் பழசு போல, அப்பா."

நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. யோகண்ணன் கருகிய உருளையையும் ஃபேன்களையும் ஏற்றிக்கொண்டு, கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போனார். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவரும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் "யோகன்ட வயர் மணக்குது" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் எங்கள் கிணற்று மோட்டர் எரிந்துபோய் ஏறாவூருக்குக் கொண்டுபோனேன். கடையில் மோட்டருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் யோகண்ணன். தலை முழுக்க நரை. எனக்கு மனம் தாங்கவில்லை. அங்கேயே, அந்தச் சத்தத்துக்குள்ளேயே, மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு ஏன் தம்பி சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றார். "உங்கட வீட்ட போய்ச் சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றியது, பரல், ஓட்டை, பொய். அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "சூட்டப்பத்தியே படிச்சவன் வயரச் சுத்திப் பரலுக்க வெச்சானாம்! அந்த மடத்தனத்த நீ செய்வியா?" அக்கா மேல் சத்தியம் என்றேன். அத்தானுக்குப் புரையேறியது.

அக்கா தன் மகளிடம் சொன்னா: "பாத்தியா புள்ள, உன்ட மாமாவுக்கு எவ்வளவு நல்ல மனசு. பிழை விட்ட ஆளக் காப்பாத்தத் தன்ன மடையனாக்கிறான்."

இப்போது அந்த 'யோகன்ட வயர்' பகிடி என் நல்ல மனதோடுதான் முடிகிறது. மோட்டர் சரியாகிவிட்டது, வந்து எடுங்கள் என்று யோகண்ணன் இரண்டு தரம் ஃபோனில் கோல் எடுத்தார். 'வீட்ட சொன்னீங்களா' என்று கேட்டால் என்ன சொல்வது? நான் இன்னும் போகவில்லை. வாளியால்தான் அள்ளிக் குளிக்கிறேன்.