நாலு எலுமிச்சம்பழமும் என் ரேஸ் காரும்

காரை நாமே நேரடியாக விற்க வேண்டுமென்றால், முதலில் அதைக் கார் என்று எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் நடுவில் என்னிடம் ஒரு ஜப்பான் கார் இருந்தது. அதைக் கார் என்று ஒப்புக்கொண்டவன் சிங்கப்பூரிலேயே நான் ஒருவன்தான்.

பழைய இறக்குமதி வண்டி. வாங்கும்போது நல்லபடியாகத்தான் இருந்தது. (அதன் தலையெழுத்து, என்னிடம் வந்து சேர்ந்தது.) ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். அதற்குப் பிறகு அதன் வயிற்றுக்கடியில் ஒரு பூனை படுக்க இடமில்லை. புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, பால்டப்பா அகலத்தில் ஒன்றைக் கம்பியால் கட்டினேன். பாட்டுப் பாடும் ஹாரன், முன்னால் மஞ்சள் விளக்குகள், பின்னால் கல்யாண மண்டபத்துக்கே போதுமான ஸ்பீக்கர்கள். இத்தனைக்கும் தீனி போட அந்தச் சின்ன பேட்டரியால் முடியுமா? படுத்துவிட்டது. நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதனால் வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவேன். பிரேக்கை விட்டால் உருளும், கியரைப் போட்டால் உயிர் வரும். மற்றபடி குறையொன்றும் இல்லை.

இந்த லட்சணத்தில் ஈசூன் அடுக்குமாடி ஒன்றில் இருந்த சரோஜாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. கல்யாணத் தேதி குறிக்க மட்டும் அவள் அப்பா மறுத்துவிட்டார்.

“தம்பி, நீங்க வர்றது பத்தாவது மாடி வரைக்கும் கேக்குது. பக்கத்து வீட்டுப் புள்ள அலறுது. அந்தச் சனியன வித்துட்டு வாங்க, அப்பறம் தேதி பாக்கலாம்.”

பழைய கார் வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இரும்புக் கடை அடுத்த தெருவுல, லா” என்றார், சிங்கப்பூர் ‘லா’ போட்டு. கலையை மதிக்கத் தெரியாதவர்களிடம் எனக்கென்ன பேச்சு? ‘ரேஸ் தரம்’ என்று பத்திரிகையில் நானே விளம்பரம் கொடுத்தேன்.

தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த மாணிக்கம் வந்தார். மேட்டிலிருந்து வண்டியை உருட்டிக் கிளப்பிக் காட்டினேன்.

“ஸ்டார்ட்டரே போடலியே தம்பி?”

“ரேஸ்காரங்க இப்படித்தாண்ணே எடுப்பாங்க.”

பாவம், நம்பிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “கோயில்ல பூசை போட்டு, அங்கேர்ந்துதான் எடுத்துட்டுப் போவேன்.”

பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். தேக்காவில் அந்தக் கோயில் இருக்கும் சிராங்கூன் சாலை தோசைக்கல் மாதிரி தட்டை என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். விற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சரோஜாவின் அப்பா, என் வருங்கால மாமா, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். சாமி கும்பிடுகிற சாக்கில் சரோஜாவும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். என்ஜினை ஓட விட்டே சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“அத நிறுத்துங்கோ, நான் சொல்ற மந்திரம் எனக்கே கேக்கல” என்றார் குருக்கள்.

நிறுத்தினேன். வேறு என்ன செய்வது?

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். மாணிக்கம் மாலை போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினார். ‘டக்.’ மறுபடியும் ‘டக்.’

“ராகு காலம் வந்துருச்சுலா தம்பி! என்னய்யா இது?”

“லேசாத் தள்ளினாப் போதும்ணே” என்றேன், ரேஸ்காரன் தோரணையில்.

வாசலில் நின்ற நாலு பேர் தள்ளினார்கள். வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு தேங்காய் மூடி கிடந்தது. வேறு எந்தக் காரும் அதைத் தாண்டியிருக்கும், வயிறு தரையில் உரசும் என் கார் தாண்டுமா? கரகரவென்று அதன் மேல் ஊர்ந்ததில் கம்பி அறுந்து புகைக்குழாய் நடுரோட்டில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து என்ஜினுக்கும் உயிர் வந்தது. வெடிச்சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. குருக்கள் தட்டைக் கீழே போட்டார். ஹாரன் தானாகப் பாட ஆரம்பித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக அணைந்தன.

மாணிக்கம் இறங்கினார். தான் வாங்கிப் போட்ட மாலையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கடையைப் பார்த்து நடந்தார். தள்ளிய நாலு பேரும் அவர் பின்னாலேயே நழுவினார்கள்.

பின்னால் பூசைக்கு வந்த புது வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் தனியாகத் தள்ளினேன். அசையவில்லை. கல்யாணமும் போயிற்று என்றே நினைத்தேன். சத்தியமாக அழுகை வந்தது.

அப்போது பக்கத்தில் வளையல் சத்தம். சரோஜா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர்.

“சரோஜா! ஊரே பாக்குது!” என்று மாமா கத்தினார்.

“பாக்குறவங்கள வந்து தள்ளச் சொல்லுங்கப்பா! நீங்களும் வாங்க!”

வந்தார். வண்டி உருண்டதும் நான் உள்ளே தாவிக் கியரைப் போட்டேன். அது கிளம்பியபோது, கரும்புகை முழுவதையும் அவர் வேட்டி வாங்கிக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவு சொல்லிவிட்டார்.

“அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம். தேக்காவே பாத்துருச்சு. இனிமே இவள வேற எவன் கட்டுவான்?”

வண்டி அடுத்த வாரமே இரும்புக் கடைக்குப் போனது. எங்கள் கல்யாண ஆல்பத்தை யார் கேட்டாலும் சரோஜா இன்றும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள்: “ஊர்ல எல்லாரும் மாலை மாத்திக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நான் வண்டி தள்ளிப் பண்ணிக்கிட்டேன்.”