மான் தின்ற கடைசி அத்தியாயம்

திருகோணமலை மான்களைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் கவிதை எழுதுவார்கள். உள்ளூர்க்காரர்கள் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே வைப்பார்கள். கோட்டைப் பக்கம் திரியும் அந்தப் புள்ளிமான்கள் பூமாலை, வாழைப்பழத்தோல், கடலை சுற்றிய கடதாசி எதையும் விடாது. இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒரு மானுக்கு முன்னால் நாவலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. கடைகளில் இந்தியப் புத்தகங்களைக் காண்பதே அரிதாக இருந்தது. எங்கள் மேரி ரீச்சரின் அலுமாரியில் மட்டும் சிறுவர்களுக்கான மாயக்கதைகள் இருந்தன. (பிள்ளைகளைக் கெடுக்காத கதைகள் என்று ரீச்சரே வாசித்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்.) இரவல் தருவார். ஆனால் வாங்கிய புத்தகத்தின் முடிவை வகுப்புக்கு முன்னால் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும்.

அப்படி வாங்கியதுதான் மின்னரசியின் கதை, முதலாம் பாகம். மின்னரசி கடல்பூதத்தோடு தனியாகச் சண்டை போடுவாள். இளவரசன் பாறைக்குப் பின்னால் நின்று நடுங்குவான். அவள் வலது கையை நீட்டி, "வா, தோழி!" என்றால் மான் வந்து முழங்கால் மடிக்கும். ஏறிப் பறப்பாள். நான் அவளாகவே மாறிவிட்டேன். அம்மா கறியைக் கிண்டச் சொன்னால் அகப்பையை வாளாகப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போவேன்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்காமல் மிச்சம் வைத்தேன். அதைக் கோட்டை மானின் முதுகில் இருந்து வாசிப்பதாகத் திட்டம். மூதூரிலிருந்து வந்து மாமி வீட்டில் தங்கிப் படித்த என் சிநேகிதி பரீதாவும் கூட வந்தாள்.

ஒரு கொழுத்த மானைத் தெரிவு செய்து வலது கையை நீட்டினேன். "வா, தோழி!"

தோழி வந்தாள். வலது கையை மோந்தாள். அதில் ஒன்றுமில்லை. இடது கையில் புத்தகம் இருந்தது.

நான் அட்டையைப் பிடித்து இழுத்தேன், மான் கடைசி அத்தியாயத்தைப் பிடித்து இழுத்தது. நான் புழுதியில் விழுந்தேன். அது நின்று நிதானமாக மென்றது.

"புள்ள, மான் வாசிக்குதுடி!" பரீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முடிவு இனி அதுக்கு மட்டும்தான் தெரியும்."

முடிவு தெரியாவிட்டால் இரண்டாம் பாகம் இல்லை. மான் தின்ற உண்மையைச் சொன்னாலோ, இனி அந்த அலுமாரியே இல்லை. ஆகவே திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"பூதத்தைக் கட்டிப்போட்ட பிறகு, கலியாணம் கட்டுவமோ எண்டு இளவரசன் கேட்டவன், ரீச்சர். மின்னரசி மாட்டன் எண்டிட்டாள். முதல்ல நீந்தப் பழகிக்கொண்டு வா எண்டு சொல்லிப்போட்டுக் கப்பலேறிட்டாள்."

ரீச்சரின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இரண்டாம் பாகத்தை எடுத்து விரித்து நீட்டினார்.

"முதல் வரியை வாசியும்."

வாசித்தேன். 'மின்னரசிக்கும் இளவரசனுக்கும் திருமணமாகி ஓராண்டு ஓடிவிட்டது.'

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. (மாயக்கதைகளில் மட்டும்தான் வேண்டிய நேரத்தில் பிளக்கும்.)

"ரீச்சர்... மான்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சாட்சி சொல்ல எழுந்த பரீதா சிரிப்பில் வாயைத் திறக்க முடியாமல் இருந்துவிட்டாள்.

"உம்மட முடிவை வடிவா எழுதிக்கொண்டு வந்து புத்தகத்தில ஒட்டும். அதுக்குப் பிறகுதான் ரெண்டாம் பாகம்" என்றார் ரீச்சர். பிறகு குனிந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "எனக்கும் அந்தப் பயந்தாங்கொள்ளியைப் பிடிக்கேல்லை."

எழுதி ஒட்டினேன். அதன் பிறகு அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் குழம்பிப்போய் எங்களைத் தேடி வந்தார்கள். "மாட்டன் எண்டவள் ரெண்டாம் பாகத்தில எப்பிடி அவனைக் கட்டினவள்?"

பரீதா அசராமல் பதில் சொல்லுவாள்: "நடுவுல மான் வந்திட்டுது."

அந்தப் பதில் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கலியாணமே வேண்டாம் என்று குதித்துக்கொண்டிருந்த நான், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு ஒருநாள் திடீரென்று ஓம் என்றேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "நடுவில மான் வந்திட்டுது போல" என்றார்.

துறைமுகத்தில் வேலை பார்த்தும் என் கணவருக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. ஆனால் வீட்டில் யாராவது மான் என்று சொன்னால், அது தன்னைத்தான் என்று மனிதர் கதிரையில் நிமிர்ந்து உட்காருகிறார்.